உயிரோடு என்று யாரும் சொல்லவில்லை

வாடிப்பட்டிக்கு மேற்கே முத்துக்கருப்பனுடைய தென்னந்தோப்பை நான்தான் குத்தகைக்கு எடுத்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். தோப்பு அவனுடையது, காய் என்னுடையது, கரி இரண்டு பேருக்கும் பொது. அடுப்புக் கரி இல்லை. ஓலைக்கு அடியில் வெள்ளை ஈ வந்து அடையாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சியது போக மிச்சத்தைப் பாகு மாதிரி கீழ் ஓலையில் கழிக்கிறது. அந்தப் பிசுக்கில் கறுப்பாகப் பூசணம் ஏறி, தோப்பே தீயில் வாட்டி எடுத்ததுபோல நிற்கிறது. மரமேறி இறங்குகிற ஆளைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. போன வெட்டுக்கு வந்தவன் ஒருத்தன் கூலிக்கு முன்னால் சோப்புக் கேட்டான்.

காய் சிறுத்துவிட்டது. பாரையில் குத்தி மட்டையை உரித்தால் உள்ளே கொட்டாங்கச்சி குழந்தை கைக்கு அடங்குகிறது. வியாபாரி வந்து ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, இதை எண்ணி வாங்குவதா அளந்து வாங்குவதா என்று கேலி பண்ணினான்.

இதற்கு வைத்தியம் சொல்லப் படித்த ஆள் ஒருவர் வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடச் சொன்னார். தொங்கவிட்டோம். ஈயும் ஒட்டியது, எங்கள் வேட்டியும் ஒட்டியது. ஓலைக்கு அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அது வேற டிபார்ட்மென்ட் என்றார். இளநீர் கொடுத்து அனுப்பினோம். அதை மட்டும் குறை சொல்லாமல் குடித்தார்.

முத்துக்கருப்பன் குடும்பம் இருப்பது விளாங்குடியில். மனைவி ஒச்சாயி. ஒரே மகள் சத்யப்ரியா, பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பூச்சி ஆராய்ச்சி பண்ணுகிறாள். பூச்சியைப் படிக்கக் கல்லூரி எதற்கு, என் மாட்டுக் கொட்டத்தில் ஒரு சாயங்காலம் நின்றால் போதாதா என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். சிரிப்பாள். வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் தோப்புக்கு வந்து, ஈ பிடித்த ஓலையை நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போவாள். எல்லாரும் ஈயை விரட்ட வழி தேடுகிறார்கள், இவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் களத்தில் உட்கார்ந்து நான் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"பெரியப்பா, இந்த ஈயோட குஞ்சுக்குள்ள போயி முட்டை வைக்கிற குளவி ஒண்ணு இருக்கு. எள்ளுல பாதிகூட இருக்காது. உள்ளேயே பொரிச்சு, ஈயைத் தின்னுட்டு வெளிய வரும்."

"கொட்டுமா?"

"நம்மள ஒண்ணும் செய்யாது."

"நம்மள யாரு கேட்டா? வந்து அண்ணாந்து பாத்துட்டுப் போனானே, அவனைக் கொட்டுமான்னு கேக்குறேன்."

அந்தக் குளவியில் ஏற்கனவே இங்கே விடுகிற சாதி நம் பக்கத்து வெக்கைக்குச் சுணங்கிப்போகிறதாம். வெக்கை தாங்குகிற சாதி ஒன்றைக் கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் வளர்க்கிறார்களாம். அதை வரவழைத்து, கல்லூரியில் வலைக்கூண்டுக்குள் வளர்த்து, நம் பயிருக்குக் கெடுதல் இல்லை என்று காட்டிய பிறகுதான் தோப்புப் பக்கம் கொண்டுவர முடியுமாம். அதற்கு டெல்லியில் அனுமதி கேட்டு, கேட்டதையே திரும்பக் கேட்டு, இரண்டு மழைக்காலம் போய்விட்டது என்றாள். அனுமதி வந்துவிட்டது, பெட்டியும் கிளம்பிவிட்டது என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் நிச்சயமான பிள்ளைகூட அப்படிச் சிரிக்காது. நான் கூழை ஒரு மடக்குக் குடித்தேன். அரசாங்கம் கொடுத்ததை நான் கையில் வாங்கிப் பார்க்காமல் நம்புவதில்லை.

பெட்டி வந்தது. வீட்டுக்கு வரவில்லை. வெளிநாட்டுச் செடி, விதை, பூச்சி எது வந்தாலும் நோய்நொடி இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதற்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது. அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று எழுதமாட்டேன். எழுதினால் அதற்கும் விளக்கம் கேட்டு ஆள் அனுப்புவார்கள். அந்த ஆபீஸில் போய்ப் பெட்டி உட்கார்ந்துகொண்டது.

குளவிக்கு ஆயுசு கொஞ்சம். கூட்டுக்குள் இருக்கிற வரைக்கும் பயமில்லை. கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் தேன் நக்க வேண்டும், சீக்கிரம் ஈக்குஞ்சைக் கண்டுபிடித்து முட்டை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தோடு சரி. இதை அவள் ஆபீஸில் தமிழில் சொன்னாள், இங்கிலீஷில் சொன்னாள், எழுதியும் கொடுத்தாள்.

முத்துக்கருப்பன் கூப்பிட்டான் என்று நானும் கூடப் போனேன். அவனுக்கு ஆபீஸ் என்றால் வாய் வராது. எனக்கு வாய் நிற்காது. வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஆபீசர் முகாமுக்குப் போயிருந்தார். மறுநாள் ஆபீசர் இருந்தார், கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் எழுந்தபோது அனுப்பிய நாட்டுக்காரன் கொடுத்த சான்றிதழின் நகல் செல்லாது, அசல்தான் வேண்டும் என்றார்கள். அசல் பெட்டிக்குள் இருக்கிறது என்று இவள் சொன்னாள். பெட்டியைப் பிரிக்கச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். தேங்காய் வெட்டுகிறவன் என்றேன். வெளியே இருக்கச் சொன்னார்.

எதிரே ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கிறான். நல்ல சுக்கும் கருப்பட்டியும் போட்ட பால். அந்த ஆபீஸ் வாசலில் நின்றவர்களிலேயே உருப்படியாக வேலை பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். கேட்டால் கொடுத்தான், கொடுத்ததும் சூடாக இருந்தது.

அங்கே இம்மானுவேல் என்று ஒரு கிளார்க். நல்ல மனுசன் என்று சத்யப்ரியா சொல்வாள். நல்ல மனுசன் அந்த ஆபீஸில் என்ன பண்ணுகிறான் என்பது என் கேள்வி. ஒருநாள் ஆபீசர் சாப்பிடப் போன நேரம் அவன் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். குளிர்ந்த அறை. மூலையில் தெர்மாகோல் பெட்டி, மேலே குறுக்கும் நெடுக்கும் சீல் வைத்த டேப். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரித் தகடு பதித்திருந்தது. அதன் வழியாக உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு இலை, வாயில் தேன் நனைத்த பஞ்சு.

சத்யப்ரியா மண்டியிட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெளிய வர ஆரம்பிச்சிருச்சு பெரியப்பா. பாருங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தூசிதான் தெரிந்தது. இதற்கா இம்புட்டு அலைச்சல் என்று திட்ட வாய் வந்தது. அதற்குள் அந்தத் தூசி நடந்தது. பஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, முன்காலால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டது. நான் திட்டவில்லை.

இம்மானுவேல் சன்னமான குரலில் விவரம் சொன்னான். உயிரோடு வெளியே விட வேண்டுமென்றால் பரிசோதனை பண்ணுகிற ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே பெட்டி கைக்கு வந்துவிடும். அதுவரைக்கும் தேன் போதுமா என்று கேட்டான். சத்யப்ரியா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பாதி செத்துப்போகும், பாதி தாங்கும், பாதி போதும் என்றாள். பேசாமல் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

பேசாமல் இருக்க விடுவார்களா. ஒச்சாயிக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கிறான், அழகுபாண்டி. கட்சியில் இருக்கிறான். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், ஜெயிக்கிற கட்சி. ஸ்டேஷனில் பஞ்சாயத்துப் பண்ணுவான், ஆஸ்பத்திரியில் பெட் வாங்கிக் கொடுப்பான். கொடுத்ததை மூன்று ஊருக்குச் சொல்லுவான். சட்டைப்பையில் போன் இல்லாமல் அவனை நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு காதுகுத்தில் பந்தியில் வைத்து யாரோ ஒருத்தன் அவனிடம், உங்க தங்கச்சி மக பெட்டி ஒண்ணு ஆபீஸில் மாட்டிக்கிட்டதாமே என்று கேட்டிருக்கிறான். இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து நேராக விளாங்குடிக்கு வந்துவிட்டான்.

நான் அன்றைக்கு ஒச்சாயி கேட்ட இளங்காய் கொண்டுபோயிருந்தேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை.

"இந்தப் பிள்ளைக்கு எம் மடியில வச்சுத்தான் காது குத்துனீக. இன்னைக்கு அது ஆபீஸ் வாசல்ல நாதியத்து நிக்கிது. எனக்கு மூணாம் மனுசன் சொல்லித் தெரியுது. நான் என்ன செத்தா போனேன்?"

முத்துக்கருப்பன் என்னைப் பார்த்தான். நான் தேங்காயைப் பார்த்தேன். சத்யப்ரியா உள்ளேயிருந்து வந்து பொறுமையாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை கிடைச்சிரும் மாமா. ஆள் வாராரு. இப்ப யாரும் ஒண்ணும் பேசாம இருந்தாலே போதும்."

"ஒரு போன் பேசுனா இன்னைக்கே கிடைக்கிறது, எதுக்கு வெள்ளிக்கிழமை? தாய்மாமன் இருக்கையில நீ வரிசையில நிப்பியா ஆத்தா?"

"வேணாம் மாமா."

அந்த 'வேணாம்' அவனுக்கு உறைத்துவிட்டது. முகம் கறுத்துத் திரும்பிப் போகப் பார்த்தான். ஒச்சாயி குறுக்கே வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாய்மாமன் மனம் நொந்து வாசலோடு போனால் நாளைக்குப் பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுக்க யார் வருவார் என்றாள். முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மச்சான் பேசினால் பேசட்டுமே, கெட்டுப்போகிறது என்ன இருக்கிறது என்றான். மாப்பிள்ளையும் தங்கச்சியும் சொன்ன பிறகு பிள்ளை சொல்வதை யார் கேட்கிறார்கள். அழகுபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். போனை எடுத்தான். இவன் ஒருத்தனிடம் பேசினான். அந்த ஒருத்தன் இன்னொருத்தனிடம் பேசுவதாகச் சொன்னான். "ஒரு பெட்டிண்ணே, வெளிநாட்டுப் பெட்டி. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு. உடனே வெளிய வரணும், அம்புட்டுத்தேன்." உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பக்கத்து ஆள் கேட்டிருப்பான் போல. "அது ஏதோ காலேஜு சாமான்ணே" என்றான்.

சத்யப்ரியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளே பெட்டி வந்துவிட்டது. அழகுபாண்டி தானே காரில் போய் வாங்கிக்கொண்டு வந்தான். தெருவில் இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு வீடு பார்க்க நடந்து வந்தான். ஒச்சாயி ஆரத்தி எடுத்தாள், பெட்டிக்கும் சேர்த்து. கறிக்கோலா உருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும் மணந்தன. எனக்கும் ஓர் இலை போட்டார்கள். அழகுபாண்டி மூன்றாவது உருண்டையைப் பிட்டுக்கொண்டே, அந்த ஆபீசர் எழுந்து நின்று கும்பிட்டதையும், டீ வாங்கி வரச் சொல்லி ஆளை விரட்டியதையும் சொல்லிக்கொண்டிருந்தான். நின்றதும் கும்பிட்டதும் நிஜமாகத்தான் இருக்கும். அந்த ஆளுக்குப் படித்தவளைத் தெரியாது, பயமுறுத்துகிறவனைத் தெரியும்.

சத்யப்ரியா கல்லூரியிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். ஹெல்மெட்டோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். டேப் பழையது இல்லை, புதிது. அதைக் கத்தியால் கீறி மூடியைத் தூக்கினாள். உள்ளிருந்து ஒரு காட்டம் வந்து, தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே கண் எரிந்தது. அவள் ஒரு குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதை எடுக்கவில்லை. குழாயின் அடியில் மிளகுத்தூள் மாதிரி ஒரு சிட்டிகை கிடந்தது. தட்டிப் பார்த்தாள். நகரவில்லை.

"என்னாத்தா, எல்லாம் சரியா இருக்கா?" என்றான் அழகுபாண்டி வாயில் சோற்றோடு.

ஒச்சாயிக்கு மகள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்று, சாப்பிடுகிற நேரத்தில் ஒன்றும் சொல்லிவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சரியா இருக்கு மாமா" என்றாள் பிள்ளை. மூடியைத் திரும்ப வைத்து அழுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

எனக்கு அந்தக் கோழி இறங்கவில்லை. ஆனாலும் தின்றேன். இலையில் வைத்ததை வீணாக்குவது எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த நாள் நானும் முத்துக்கருப்பனும் சத்யப்ரியாவும் அந்த ஆபீஸுக்குப் போனோம். இந்த முறை ஆபீசர் இருந்தார், கம்ப்யூட்டரும் இருந்தது, உட்கார நாற்காலிகூடக் கொடுத்தார்கள். சத்யப்ரியா பெட்டியை மேசைமேல் வைத்தாள். பூச்சி மருந்துப் புகை போட்டீர்களா என்று கேட்டாள். அவர் ரொம்பப் பெருமையாக, முறைப்படி போட்டோம், சான்றிதழும் உள்ளே வைத்திருக்கிறோம் என்றார். உயிருள்ள பூச்சி என்று டெல்லி அனுமதியிலேயே இருக்கிறதே என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதோ பாரும்மா. உயிரோட விடணும்னா டெஸ்ட் பண்ற ஆள் வரணும். உடனே விடணும்னா புகை போட்டுத்தான் விட முடியும், அது ரூல். மேலேருந்து போன் வந்துச்சு. உடனே விடுன்னாங்க. உயிரோட விடுன்னு யாரும் சொல்லலையே."

முத்துக்கருப்பன் தலையைக் குனிந்துகொண்டான். இம்மானுவேல் அன்றைக்குத் தன் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு வாய் நிற்கவில்லை. "அய்யா, உங்க வீட்டுல யாரையாச்சும் ஆஸ்பத்திரியில சேத்திருந்தா, சீக்கிரம் அனுப்புங்கன்னு மட்டும் கேட்டுறாதீக" என்றேன். அவர் மணி அடித்து ஆளைக் கூப்பிட்டார். ஆள் வருவதற்குள் நாங்களே எழுந்துவிட்டோம்.

வாசலில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். சத்யப்ரியா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சூடு ஆறிய பிறகு ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு பெட்டி கேட்டு எழுதப்போகிறேன் என்றாள். பழைய அனுமதிக்கு இன்னும் காலம் இருக்கிறதாம். அந்த நாட்டுக்காரர்கள் நல்லவர்கள், அனுப்புவார்கள் என்றாள். வெளிநாட்டுக்காரனையும் நான் நம்புவதில்லை. ஆனால் அதை அன்றைக்குச் சொல்லவில்லை.

அழகுபாண்டியிடம் விஷயத்தை ஒருத்தரும் சொல்லவில்லை. தாய்மாமனைக் குற்றம் சொன்னால் உறவு அறுந்துபோகும் என்று ஒச்சாயி வீட்டில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் ஊரெல்லாம் பூச்சியை மீட்டுக்கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆடிக் காற்று கிளம்பி இரண்டு மழையும் விழுந்தது. மழையில் ஓலைக் கரி கொஞ்சம் கழுவிக்கொண்டு போயிற்று. நான் வெட்டு வைத்திருந்த அன்றைக்கு அழகுபாண்டி வெள்ளை வேட்டியோடு தோப்புக்கு வந்தான். கூட ரெண்டு பேர். அண்ணாந்து பார்த்து, அவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டினான்.

"பாத்தீகளா, ஓலை பச்சை தட்டிருச்சு. எல்லாம் நம்ம குளவி வேலை." என் பக்கம் திரும்பினான். "பேயாண்டிண்ணே, உங்க காயெல்லாம் இனி எம் மருமக புண்ணியம்."

சத்யப்ரியா கொஞ்சம் தள்ளி ஈ பிடித்த ஓலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் ஒச்சாயிக்கு அண்ணனும் இல்லை, சத்தியம் பண்ணிக் கொடுத்தவனும் இல்லை. பாரையில் குத்தியிருந்த காயை அப்படியே விட்டேன்.

"எந்தக் குளவிப்பா? நீ தோளுல தூக்கிட்டு வந்ததெல்லாம் பொணம். உடனே வேணும்னு நீ போன் போட்ட. உடனே குடுக்கணும்னு மருந்துப் புகையைப் போட்டுக் கொன்னு குடுத்தாய்ங்க. உயிரோட வேணும்னு நீ சொன்னியா?"

கூட வந்த இரண்டு பேரும் வேறு மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அழகுபாண்டி மருமகளைப் பார்த்தான். அவள் இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தான் போல. அவள் நறுக்குவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். நான் நினைத்தேன், இவனுக்கு இப்போதாவது உறைக்கும், ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லுவான் என்று.

"இம்புட்டுத்தானா?" என்றான். "வேற பெட்டி கேட்டிருக்காமே பிள்ளை. வரட்டும். இந்தவாட்டி உயிரோடன்னு சொல்லிரலாம். இப்பவே சொல்லி வச்சுர்றேன்." சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டான்.

சத்யப்ரியா கத்தியைப் பைக்குள் போட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

"அதக் குடுங்க மாமா."

"யார்ட்டயாச்சும் பேசணுமா ஆத்தா?"

"இல்ல. காது குத்துறப்ப மடி குடுத்தீங்கள்ல. இப்ப போனக் குடுங்க. பெட்டி வார வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். தாய்மாமன் முறையா கேக்குறேன்."

நாலு பேர் முன்னால் முறை என்று கேட்டுவிட்டாள். இல்லை என்று சொன்னால் அவன் தாய்மாமன் இல்லை. சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது, கரி அப்பிய கை. கொடுத்துவிட்டான். அவள் அதை அணைத்து, ஓலைத் துண்டுகளுக்கு நடுவே பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவனிடம் இன்னொரு போன் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நம்பர் எல்லாம் இதில்தான். ஒரு நம்பர்கூட அவனுக்கு மனப்பாடம் கிடையாது.

இரண்டாவது பெட்டி இப்போது வந்து அதே ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறது. வெளியூர் ஆள் வெள்ளிக்கிழமை வருவார் என்கிறார்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டதற்கு இம்மானுவேல் காலண்டரைப் பார்த்தான். சத்யப்ரியா தினமும் போய் அந்தத் தகடு வழியாகப் பார்த்துவிட்டு வருகிறாள். இன்னும் நடக்கிறது என்கிறாள்.

போன் விளாங்குடி வீட்டில் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. அழகுபாண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் தங்கச்சி கையால் சாப்பிட வருகிறான். உலை வைக்க ஒச்சாயி டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறான். பெட்டி வந்துவிட்டதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.